கோழித் தூக்கம்

"கையெழுத்துப் போடுன்னா போடேன், வரி வரியாப் படிச்சுக்கிட்டு..."

"படிக்காம எப்படிண்ணா போடுறது, இதுல என் பேரு..."

"உன் பேருதான் வேணும். ஸ்கேன் எடுத்த அன்னைக்குக் கூட இருந்தது நீதானே. நான் வண்டிய நிறுத்த இடம் தேடிக்கிட்டிருந்தேன்."

"அதைத்தான் சொல்றேன். கூட இருந்தது நான், எழுதினது நீ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"என்னத்தைக் கேட்கணும்? பித்தப்பைக் கல்லுன்னு நடந்து உள்ள போன மனுஷி. படுக்க வச்சுத் திருப்பித் தந்திருக்காங்க. அதுக்கு மேல என்ன கேட்கணும் உங்கிட்ட?"

மாடிப்படிக்குக் கீழே, ஓடாத மின்விசிறியும் சைக்கிள் பம்பும் கிடக்கும் இடுக்கில் இரண்டு பேரும் குனிந்து நின்றிருந்தார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். சின்ன வயதில் ஒளிந்து விளையாடிய இடம். சுவருக்கு அந்தப் பக்கம் முன்னறை. அங்கே அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி மேல் புகார்க் கடிதம், இரண்டு பக்கம். அண்ணன் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலையில் இருந்தான். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு எழுதி எழுதி அவனுக்கு அந்த நடை கைவந்திருந்தது. சின்னவள் முதல் பக்கத்தின் கடைசி வரியைத் தாண்டவில்லை. 'மயக்க மருந்து டாக்டர், எங்கள் தாயாரின் உடல்நிலை குறித்துக் குடும்பத்தாரிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.'

"கேட்டாங்கண்ணா."

"என்ன கேட்டாங்க?"

"என்னென்னவோ கேட்டாங்க."

"என்னென்னவோன்னா? மூச்சுக்குழாய்க்கு வழி கிடைக்கலைன்னு நேத்து வெளியில வந்து சொன்னாங்களே, அதை முன்னாடியே பார்க்கத்தானே கழுத்துல ஸ்கேன் வச்சாங்க? பார்த்துட்டும் தெரியலைன்னா என்ன டாக்டர் அது? நீ என்ன, அவங்க கட்சியா?"

"கட்சி என்னண்ணா கட்சி..."

"ஏங்க, வண்டிக்காரர் போன்ல இருக்கார். நாலு மணிக்குத்தானேன்னு கேட்கிறார்" என்று அண்ணியின் குரல் கேட்டது.

அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் கையில் திணித்தான். "நான் திரும்பி வரும்போது கையெழுத்து இருக்கணும். அம்மாவுக்காக இது கூடச் செய்யலைன்னா நாமெல்லாம் என்ன பிள்ளைங்க?"

அவன் குனிந்தே வெளியே போனான். சின்னவள் கடிதத்தை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

முன்னறையில் அப்பா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். யாராவது வந்தால் நிமிர்ந்து பார்ப்பார், அவர்களுடைய வாய் அசைவதற்கெல்லாம் தலையை ஆட்டுவார். பத்திரிகை அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெஷின் பக்கத்திலேயே நின்று காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். "உங்கப்பாகிட்ட ஒரு ரகசியம் சொல்லணும்னா தெருவுக்கே சொல்லணும்" என்பாள் அம்மா. அதையே வேறு விதமாகவும் சொல்வாள்: "அவருக்குக் காது போனது எனக்குக் கிடைச்ச வரம்."

அப்பாவின் வலது கை கட்டில் சட்டத்தில் இருந்தது. இரண்டு விரல்கள் சட்டத்தைத் தட்டின. கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டின. சித்தப்பா அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தார். அது திரும்பவும் கட்டிலுக்கே போயிற்று.

"விடுங்க சித்தப்பா" என்றாள் சின்னவள்.

"இல்லம்மா, காலையிலேர்ந்து தட்டிக்கிட்டே இருக்கார். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

அம்மாவின் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே கடைசியில் கத்தி வைத்த இடம் இருந்தது. சின்னவள் துணியைப் பார்த்தாள். ஆறு நாளுக்கு முன்னால் இதே கழுத்தில் டாக்டர் பசை தடவும்போது அம்மா கூச்சத்தில் நெளிந்தாள்.

"கழுத்துலயா ஸ்கேனு? கழுத்துல என்னம்மா இருக்கு, பிள்ளையா?"

டாக்டர் சிரித்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். அதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, நாக்கை நன்றாக நீட்டச் சொல்லியிருந்தாள். "பிறந்ததுலேர்ந்து எல்லாரும் நாக்கை உள்ள போடுன்னுதான் சொல்லியிருக்காங்க. நீட்டச் சொன்ன முதல் ஆளு நீங்கதான்" என்று அதற்கும் அம்மா ஒன்று சொல்லியிருந்தாள்.

"தூங்க வச்சதும் நீங்களா மூச்சு விட மாட்டீங்கம்மா. நாங்க தொண்டைக்குள்ள ஒரு குழாய் போட்டு விடணும். போற வழி சுலபமா கஷ்டமான்னு முன்கூட்டியே எட்டிப் பார்க்கிறேன்."

"சந்துக்குள்ள லாரி திரும்புமான்னு கிளீனர் இறங்கிப் பார்ப்பானே, அப்படி."

"அதேதான். நான்தான் கிளீனர்."

திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ நெளிந்தது. மழை நாளில் கண்ணாடி வழியாகத் தெரு தெரிகிற மாதிரி இருந்தது. டாக்டர் படத்தை நிறுத்தி இரண்டு புள்ளி வைத்தாள். நடுவே ஒரு கோடு விழுந்து, பக்கத்தில் ஓர் எண் வந்தது. எண்ணைப் பார்த்துவிட்டுக் கருவியைக் கழுத்தில் திரும்ப வைத்து இன்னொரு தரம் அளந்தாள். இன்னொரு தரமும்.

"என்ன டாக்டர்?" என்று சின்னவள் கேட்டாள்.

"தோலுக்கும் உள்ள மூச்சுக்குழாய்க்கு மேல இருக்கிற மூடிக்கும் நடுவுல எவ்வளவு தடிப்புன்னு பார்க்கிறேன். எல்லைக்கோட்டுல நிக்குது."

"நல்லதா, கெட்டதா?"

"இதை மட்டும் வச்சு ரெண்டும் சொல்ல முடியாது. ஸ்கேன் பாதிதான் சொல்லும். மீதியை வீட்டு ஆளுங்க சொல்லணும்." டாக்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். "அம்மா குறட்டை விடுவாங்களா?"

திரைச்சீலைக்குப் பக்கத்தில் அம்மாவின் கைப்பையையும் ரிப்போர்ட்டுகளையும் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தாள்.

அம்மாவின் குறட்டை சாதாரணக் குறட்டை இல்லை. சின்ன வயதில் அவளும் அண்ணனும் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு அதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். அப்போது போர்வைக்குள் விரல் விட்டு எண்ண வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு... பிறகு ஒரு பெரிய இழுப்போடு மறுபடி கிளம்பும். இருபதைத் தொட்டால் அண்ணனின் கண்ணாடிக் கோலி அவளுக்கு. பத்தொன்பது வரை வந்திருக்கிறது. கோலி கடைசி வரை கைக்கு வரவே இல்லை.

அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்களெல்லாம் ஒரே கூடத்தில் படுத்தார்கள். காலையில் பெண்வீட்டு அம்மாள் ஒருத்தி, "யாருங்க அது, விடிய விடிய மாவு மில்லு ஓட்டினது?" என்று கேட்டாள். கூடமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். யாரோ ஒருத்தியைத் தேடுகிற மாதிரி சுற்றிமுற்றிப் பார்த்தும் வைத்தாள். அன்றிலிருந்து அடுத்தவர் வீட்டில் அம்மா கண்ணை மூடியதில்லை. சின்னவளின் பிரசவத்துக்கு வந்து பதினோரு நாள் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தாள். "படுங்கம்மா" என்றால், "உன் மாமியார் காதுல விழணுமா?" என்பாள். மகன் வீட்டுக்குக் காலையில் போவாள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிடுவாள்.

போர்வைக்கு அடியிலிருந்து அம்மாவின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் அழுந்தியது.

"இல்ல டாக்டர்" என்றாள் சின்னவள்.

"நடுவுல மூச்சு நின்னு, திணறிக்கிட்டு மறுபடி வர்ற மாதிரி?"

"இல்ல டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. அப்படி இருந்தா நான் வேற மாதிரி செய்வேன். முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா கேமரா வச்ச குழாயை விட்டு, வழி கிடைச்ச அப்புறம்தான் தூங்க வைப்பேன். கொஞ்சம் சங்கடமா இருக்கும், அவ்வளவுதான்."

"அம்மாவுக்குக் கோழித் தூக்கம் டாக்டர். சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்துடுவாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டாள்.

சின்னவளுக்கு மின்சார அலுவலகத்தில் புகார் போன் எடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் கேட்பாள். "மெயின் ஸ்விட்சைப் பார்த்தீங்களா?" "பார்த்தாச்சு, பார்த்தாச்சு." பார்க்கவில்லை என்பது குரலிலேயே தெரியும். ஆள் போய்ப் பார்த்தால் ஸ்விட்ச் அணைந்திருக்கும். பொய் சொல்கிறவர்கள்தான் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வார்கள் என்று அவளே புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். கோழித் தூக்கம் என்று அவள் சொன்னதும் அப்படி இரண்டாவதாக வந்ததுதான்.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா அவள் கையை விட்டாள். அண்ணி மருந்துச் சீட்டு வாங்கப் போயிருந்தாள். "மானத்தைக் காப்பாத்தினேடி" என்று அம்மா காதோடு சொன்னாள். அப்புறம் கழுத்தில் ஒட்டியிருந்த பசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிசுபிசுங்குது. வீட்டுக்குப் போய் முதல்ல குளிக்கணும்" என்றாள்.

இப்போது சமையலறையில் அண்ணி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமலே கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல அண்ணி."

"போடாதே."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"நானும் அங்கதானே நின்னேன்" என்றாள் அண்ணி. "மூணு தடவை கேட்டாங்க. நான் எண்ணினேன்."

"உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அண்ணி அம்மா..."

"எனக்கா தெரியாது? என் கல்யாணத்துல அவங்களுக்கு அடுத்த விரிப்புல படுத்தவ நான்."

"அப்போ நீங்க சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்ல? பெத்த மக இல்லைங்கிறா. மருமக வாயைத் திறந்து ஆமாங்கணுமா? அத்தை முகத்தை அப்புறம் நான் எப்படிப் பார்ப்பேன்?" ஒரு டம்ளரை இரண்டாவது முறை கழுவினாள். "இப்பவும்தான் பார்க்க முடியல. காலையிலேர்ந்து அந்த அறைக்குள்ள ஒரு நிமிஷம் சேர்ந்தாப்பல நிக்கல நான்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நான் சொன்னா, செத்தவளைக் குத்தம் சொல்றியாம்பார். நீ சொன்னா?"

அண்ணி தட்டில் டம்ளர்களை அடுக்கி அவள் கையில் கொடுத்தாள். "டீயைக் கொண்டுபோய்க் குடு. ஆறிடும்."

தட்டோடு முன்னறைக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சாதாரணப் பருத்திச் சேலை, தோளில் ஒரு பை. சித்தப்பா எழுந்து போனார்.

"வாங்கம்மா. இவங்க அம்மாகூடப் படிச்சவங்களா?"

"இல்லைங்க."

"பழைய தெருவா?"

"இல்லைங்க. நான்..."

வெள்ளைக் கோட்டு இல்லாமல் அவள் சின்ன உருவமாகத் தெரிந்தாள். சின்னவளுக்கு யாரென்று புரிந்த அதே நேரத்தில் வாசலருகே நின்றிருந்த அண்ணனுக்கும் புரிந்துவிட்டது.

"எந்த தைரியத்துல வந்தீங்க?"

"சார், நான் ரெண்டு நிமிஷம்..."

"ரெண்டு நிமிஷமா? உள்ள எத்தனை நிமிஷம் எடுத்துக்கிட்டீங்க? எத்தனை நிமிஷம் மூச்சில்லாம வச்சிருந்தீங்க எங்கம்மாவை?"

"டேய், இருப்பா, வந்தவங்களை..." என்று சித்தப்பா குறுக்கே வந்தார்.

"வந்தவங்க யாருன்னு தெரியுமா சித்தப்பா? இவங்கதான். இவங்கதான் அந்த டாக்டர்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நாற்காலி கீச்சிட்டது. டாக்டர் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். கண்ணுக்குக் கீழே, முகமூடி அழுத்திய கோடு இன்னும் போகாத மாதிரி இரண்டு தடங்கள் இருந்தன.

"நான் வரக்கூடாதுன்னுதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க" என்றாள். "புகார் குடுங்க சார், நான் தடுக்கல. உள்ள இருந்தது நான்தான். அவங்களைத் தூங்க வச்சேன். தொண்டை மொத்தமா அடைச்சுக்கிச்சு. மூணு தடவை குழாய் போடப் பார்த்தேன். மாஸ்க் வச்சும் காத்து இறங்கல. கழுத்துல வழி பண்ணுறதுக்குள்ள... அதை நான் மறைக்க வரல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"ஒரு கேள்வி கேட்கணும். எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் எழுத மாட்டேன். ஸ்கேன்ல நான் பார்த்தது தப்பா, இல்ல பார்த்ததை எடை போட்டது தப்பான்னு தெரியல. ராத்திரி முழுக்க அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். நாளைக்குக் காலையில இன்னொருத்தர் கழுத்துல அதே கருவியை வைக்கணும் நான்."

அவள் அண்ணனைத் தாண்டிச் சின்னவளைப் பார்த்தாள். கேள்வியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சின்னவள் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். மடித்த கடிதம் தட்டுக்கும் விரலுக்கும் நடுவே இருந்தது. அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். கையில் ஈரத்துணி. அண்ணியின் அம்மாவும் வந்திருந்தாள், ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மாவு மில்லு என்று சிரித்த கூடத்தில் பாதிப் பேர் இந்த அறையில் இருந்தார்கள்.

"விடுவாங்க" என்றாள் சின்னவள்.

"என்ன விடுவாங்க? என்ன உளர்றே?" என்றான் அண்ணன்.

"கேள்வியே கேட்கலைன்னு எழுதியிருக்கியே. கேட்டாங்கண்ணா. மூணு தடவை. நான்தான் இல்லைன்னேன்."

"எதை?"

"நாம எண்ணுவோமே. போர்வைக்குள்ள. கோலிக்குப் பந்தயம் கட்டி."

அண்ணனின் விரல்கள் சட்டைப் பையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன. அவள் கடிதத்தை நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"என்னவாம்?" என்று அப்பாவின் குரல் பெரிதாக வந்தது. காது கேட்காதவர்களுக்கு உள்ள பெரிய குரல். "யாரு அவங்க? ஏன் வெளியிலயே நிக்கிறாங்க?"

"ஒண்ணுமில்லப்பா" என்றான் அண்ணன்.

"எல்லாரும் வாயை அசைக்கிறீங்க. எனக்கு மட்டும் ஒண்ணுமில்லையா? சின்னவளே, நீ சொல்லு."

அவள் தட்டைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு அப்பாவின் காதுக்குக் குனிந்தாள். அம்மாவின் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார், கேட்கவில்லை என்று. இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னாள். அப்பா கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"அம்மா குறட்டை விடுவாங்களான்னு கேட்கிறாங்கப்பா!"

வாசலில் நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா" என்றார் அப்பா, மணி எத்தனை என்று கேட்டதற்குச் சொல்வது போல. "விடுவா. பலமா விடுவா."

"உங்களுக்கு எப்படிப்பா..." என்று அவள் பாதியில் நிறுத்தினாள். அது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவர் அவள் முகத்தைப் படித்துவிட்டார்.

"காது கேட்காட்டி என்ன? கட்டில் அதிரும்ல. எங்க பிரஸ்ல மெஷின் ஓடுறப்ப எல்லாரும் தூங்குவோம். நின்னாத்தான் முழிப்பு வரும். அது மாதிரிதான். அதிர்றது நின்னா நான் எழுந்துடுவேன்." டாக்டர் பக்கம் பார்த்து, தெரியாதவர்களுக்கு வழி சொல்லுகிற நிதானத்தோடு சொன்னார். "உள்ள வாங்கம்மா. நிக்காதீங்க."

டாக்டர் உள்ளே வந்தாள். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

"அவளுக்கே தெரியாது இது" என்றார் அப்பா. "சொன்னா வெட்கப்படுவான்னு சொல்லல. ஒரு நாளைக்கு நாலு தடவை எழுவேன், அஞ்சு தடவை எழுவேன். தோளுக்குக் கீழ, இந்த இடத்துல. ரெண்டே ரெண்டு தட்டு. பலமாக் கூட வேண்டாம். உடனே ஒரு இழுப்பு இழுத்துக்கிட்டு மறுபடி ஓட ஆரம்பிச்சுடுவா."

இரண்டு விரலால் கட்டில் சட்டத்தில் தட்டிக் காண்பித்தார். பிறகு கையை அங்கேயே வைத்துக்கொண்டு டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள மூச்சு நின்னப்போ, தட்டிப் பார்த்தீங்களாம்மா?"